காணாத ஒட்டகத்துக்கு அடையாளம் சொன்னவர்கள்

ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடி வருகிறான் ஒருவன். எதிரே மூன்று இளவரசர்கள். “அதற்கு ஒரு கண் குருடா? ஒரு பல் இல்லையா? ஒரு கால் நொண்டியா? ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் ஏற்றியிருந்தாயா?” எல்லாமே சரி. ஆனால் ஒட்டகம் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை! யார் நம்புவார்? திருட்டுப் பட்டம் கட்டிச் சிறையில் அடைக்கிறார் பாரசீக மன்னர்.

ஒட்டகம் வேறிடத்தில் கிடைத்த பிறகுதான் அவர்கள் போட்ட கணக்கு வெளியே வருகிறது. பாதையின் ஒருபுறம் செழித்த புல் அப்படியே நிற்க, மறுபுறத்து நோஞ்சான் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. எனவே ஒரு கண் இல்லை. மென்ற புல் பல் அளவு உருண்டைகளாகச் சிந்திக் கிடந்தது. மூன்று கால் தடம் பதிந்து, நான்காவது இழுபட்டிருந்தது. ஒரு பக்கம் எறும்புச் சாரை, மறுபக்கம் ஈ மொய்ப்பு. (எறும்பு தேனுக்கல்லவா வரும் என்று நமக்குத் தோன்றும், கதை அதை வெண்ணெய்க்கு அனுப்பியிருக்கிறது.)

அவர்கள் செரண்டிப் நாட்டு இளவரசர்கள். செரண்டிப் என்றால் இலங்கை. அரபு, பாரசீக வணிகர்கள் வைத்திருந்த பெயர். டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302 வாக்கில் பாரசீக மொழியில் எழுதிய ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ காவியத்தில் இவர்கள் வருகிறார்கள். 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சேறிய கதை, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது.

அங்கே அதைப் படித்தவர் எழுத்தாளர் ஹோரஸ் வால்போல். 1754 ஜனவரி 28 அன்று, ஃபிளாரன்ஸில் இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பியாங்கா கப்பெல்லோ என்ற சீமாட்டியின் ஓவியத்தை மான் அனுப்பியிருந்தார். அவளுடைய குடும்பச் சின்னம் பற்றிய தகவல், பழைய வெனிஸ் நூல் ஒன்றில் வால்போலுக்குத் தேடாமலே அகப்பட்டது. இத்தகைய கண்டுபிடிப்புக்குத்தான் ‘செரண்டிபிட்டி’ என்று பெயர் சூட்டினார். கடிதத்தில் இளவரசர் கதையைச் சொல்கையில் ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக்கிவிட்டார் என்றாலும், தற்செயலோடு கூர்மதியும் வேண்டும் என்று தெளிவாகவே எழுதினார்.

மானுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1833இல் நூலாக வந்தும் சொல் வெகுகாலம் உறங்கியது. 20ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றோ அதிர்ஷ்டம் அடித்தாலே செரண்டிபிட்டி என்கிறோம். கூர்மதி கழன்றுகொண்டது. சிறைக்குப் போன இளவரசர்களை அதிர்ஷ்டசாலிகள் என்பதா? பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கின் தட்டில் 1928இல் பூஞ்சை விழுந்தது தற்செயல்தான். அதைக் கழுவி வைக்காமல் உற்றுப் பார்த்தாரே, அங்கேதான் வால்போலின் சொல் பொருந்துகிறது.

தமிழிலும் இந்த ஒட்டகம் உண்டு. அளகாபுரி அரசன் கதையில் நான்கு பேர் இதேபோல அடையாளம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள்.