பேட்ச் ஒட்டியிருப்பது நல்ல கண்ணில்!

பிளே ஏரியாவிலோ லிஃப்டிலோ, ஒரு கண்ணில் பேட்ச் ஒட்டிய குழந்தையைப் பார்த்தால் நாம் என்ன கேட்போம்? "அச்சச்சோ, அந்தக் கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றுதானே? பெரும்பாலும் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நன்றாகத் தெரியும் கண்ணைத்தான் மூடியிருப்பார்கள். பலவீனமான இன்னொரு கண்ணை வேலை வாங்கவே இந்த ஏற்பாடு. இதற்கு ஏறக்குறைய 280 ஆண்டு வரலாறு உண்டு.

1743-ல் பிரெஞ்சு அறிஞர் பியூஃபோன், மாறுகண் உள்ளவர்களுக்கு நல்ல கண்ணைச் சில காலம் மூடி வைத்தால் பலவீனமான கண் தேறும் என்று எழுதினார். ஏன் தேறுகிறது என்பது தெளிவாக இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆனது.

கண்புரை தாத்தா பாட்டிக்கு மட்டும் வருவதல்ல. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கண்ணின் லென்ஸ் மங்கியிருக்கும். பரம்பரை ஒரு காரணம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா இன்னொரு காரணம் என்பதை 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்திகள் சுற்றின, நினைவிருக்கிறதா? அந்த ஊசி தடுப்பது இதையும்தான்.

1960-களில் ஹியூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் குறையில்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு இப்படி ஆகவில்லை. பார்க்கப் பழகுவதற்கு மூளைக்கு ஒரு பருவம் உண்டு என்பது அப்போது புரிந்தது. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் "குழந்தை கொஞ்சம் வளரட்டும்" என்று இப்போது டாக்டர்கள் காத்திருப்பதில்லை. பார்வையை மறைக்கும் பிறவிக் கண்புரையைப் பிறந்த சில வாரங்களிலேயே எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆபரேஷனோடு வேலை முடிவதுமில்லை. கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்திருந்தால், தினமும் டாக்டர் சொன்ன நேரம் பேட்ச் ஒட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். ஒட்டியதும் குழந்தைக்கு உலகம் மங்கிவிடும். அழும், பிய்த்தெறியும். மறுபடி ஒட்டுவது பெற்றோரின் அன்றாடப் போராட்டம்.

அந்த வீட்டாருக்கு நம் "அச்சச்சோ" உதவாது. திருஷ்டி, பாவம் என்ற பேச்சும் வேண்டாம். "பேட்ச் சூப்பரா இருக்கே!" என்று சொல்லி விளையாட்டில் சேர்த்துக்கொள்ள நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விளையாட்டு மும்முரத்தில் பேட்ச் இன்னும் அரை மணி நேரம் கண்ணில் இருந்தால், அதுவே சிகிச்சை.

உங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகத் தெரிகிறதா? ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெளுத்திருக்கிறதா? நாள் கடத்தாதீர்கள். நமக்கு அருகில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. தூரம் நமக்குத் தடையில்லை. தாமதம்தான் பார்வையைப் பறிக்கும்.