கூரைச் சோலார் பேனல்களின் இணைப்புத் திட்டம்: கொல்லிமலைச் சூழல்

கூரைமேல் வைக்கும் சோலார் பேனல்களை எத்தனை எத்தனையாகக் கோப்பது, எந்த வரிசையில் கோப்பது, கோத்தவற்றை எந்தக் கம்பியில் இன்வெர்ட்டர் வரை இறக்குவது என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்வது இணைப்புத் திட்டம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பேனல் வரிசையைத் தொழிலில் இருப்பவர்கள் ‘ஸ்ட்ரிங்’ என்கிறார்கள். பேனலின் தரத்தையும் விலையையும் பற்றி வீட்டுக்காரர்கள் நிறையக் கேட்கிறார்கள். ஸ்ட்ரிங்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஒரே பேனல்கள், ஒரே இன்வெர்ட்டர் இருந்தும் இரண்டு வீடுகளில் விளைச்சல் வேறுபட இதுவே பெரும்பாலும் காரணம்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மேட்டுப் பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என நாடுகளாகப் பிரிந்த ஊர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. இன்று சந்தையில் கிடைக்கும் 545 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ எடையும், இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் கொண்டது. அதை மேலே ஏற்றிய பிறகு ‘ஒன்று கூடிவிட்டது’ என்று திருப்பி அனுப்புவது எளிதல்ல. சமவெளிக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் பொருந்தாது.

தொடரிணைப்பும் பக்க இணைப்பும்

ஒரு பேனலின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்த்தால் அது தொடரிணைப்பு. மின்னழுத்தம் கூடும், மின்னோட்டம் ஒரு பேனலின் அளவிலேயே நிற்கும். நேர்முனைகளைத் தனியாகவும் எதிர்முனைகளைத் தனியாகவும் சேர்த்தால் பக்க இணைப்பு. மின்னோட்டம் கூடும், மின்னழுத்தம் மாறாது. மொத்த வாட் இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு கம்பியில் தெரியும்.

545 வாட் பேனல் ஒன்று முழு வேலை செய்யும்போது ஏறத்தாழ 41 வோல்ட், 13.3 ஆம்பியர் தரும். ஆறு பேனல் கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரையிலிருந்து இன்வெர்ட்டர் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. போகவர 60 மீட்டர் கம்பி. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு இந்த நீளத்தில் மின்தடை சுமார் 0.3 ஓம். ஆறையும் தொடராகக் கோத்தால் 246 வோல்ட்டில் 4 வோல்ட் கம்பியில் இழக்கப்படும்; வாட்டில் சொன்னால் 54. அதே ஆறை மும்மூன்றாகப் பிரித்துப் பக்க இணைப்பில் அதே கம்பியில் இறக்கினால் மின்னோட்டம் 26.6 ஆம்பியராகி, இழப்பு 216 வாட்டுக்கு ஏறும். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு என்பதே காரணம். மலைச்சரிவில் வெயில் விழும் கூரை ஒருபுறமும் மீட்டர் பெட்டி வேறொருபுறமும் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே முடிந்தவரை நீளமான ஸ்ட்ரிங்கே ஆதாயம்.

விடியற்குளிரும் ஸ்ட்ரிங்கின் நீளமும்

நீளத்துக்கும் எல்லை உண்டு. கொல்லிமலையில் அந்த எல்லையைக் குளிர் நிர்ணயிக்கிறது. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்கள் எல்லாம் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், சோதனைக்கூடத்தில் அளந்தவை. பேனல் குளிர்ந்தால் மின்னழுத்தம் ஏறும், சூடானால் இறங்கும். சுமை எதுவும் இல்லாதபோது உள்ள மின்னழுத்தம், அதாவது திறந்த சுற்று மின்னழுத்தம், டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம் மாறுகிறது.

சீட்டில் 49.5 வோல்ட் என்று இருக்கும் பேனல், மார்கழி, தை விடியலில் 10 டிகிரிக்கு இறங்கினால் 51.5 வோல்ட் காட்டும். ஒரு பேனலுக்கு இரண்டு வோல்ட் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒருமுனை இன்வெர்ட்டர்கள் பலவற்றின் உச்ச வரம்பு 600 வோல்ட். சீட்டை மட்டும் பார்த்தால் 12 பேனல் கோத்து 594 வோல்ட், வரம்புக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். குளிரில் அது 618. இன்வெர்ட்டரின் உள்ளுறுப்புகள் பழுதாகும், உத்தரவாதமும் போகும். எனவே இங்கே 11 பேனலோடு நிறுத்த வேண்டும். ஆபத்தான நேரம் நண்பகல் அல்ல. வெளிச்சம் பேனல்மேல் விழத் தொடங்கி, இன்வெர்ட்டர் இன்னும் சுமை ஏற்காமல் இருக்கும் காலைப்பொழுதுதான். அப்போது கண்ணாடி சில்லென்று இருக்கும், மின்னழுத்தமோ உச்சத்தில் நிற்கும்.

கீழெல்லையையும் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் பேனலின் உடல்வெப்பம் 65 டிகிரியைத் தொட்டால் 41 வோல்ட் 35-க்கு இறங்கிவிடும். ஆறு பேனல் ஸ்ட்ரிங்கில் அது 210 வோல்ட். அந்த அளவிலும் இன்வெர்ட்டர் வேலை செய்யும் வரம்புக்குள் ஸ்ட்ரிங் நிற்க வேண்டும். மூடுபனி நாட்களில் நிலைமை வேறு. மின்னோட்டம் வெகுவாகக் குறையும், மின்னழுத்தம் அவ்வளவாக இறங்காது. ஆகவே ஸ்ட்ரிங் போதிய நீளத்தில் இருந்தால், மங்கிய காலையிலும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு கிடைத்ததை வாங்கிக்கொள்ளும்.

நிழல்

கொல்லிமலையில் இணைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி நிழல் கணக்குதான். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரமும் பலாவும் வீட்டை ஒட்டியே நிற்கும். அவை வருமானம் தருபவை. பேனலுக்காக மிளகு மரத்தை வெட்டச் சொல்வது நல்ல யோசனை ஆகாது. கோப்பதை மாற்றுவதே சரி.

தொடரிணைப்பில் எல்லாப் பேனல்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அது மற்றவற்றையும் தடுக்கும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பேனலின் இணைப்புப் பெட்டியிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. நிழல்பட்ட மூன்றிலொரு பகுதியை ஒதுக்கிவிட்டு மின்னோட்டம் சுற்றிச் செல்ல அவை வழிவிடும். அந்தப் பகுதியின் மின்னழுத்தம் மட்டும் இழப்பு. டையோடு இல்லாவிட்டால் நிழல்பட்ட செல் சூடாகிக் கருகும். பாதி வெட்டிய செல்கள் கொண்ட இன்றைய பேனல்களில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியே வேலை செய்கின்றன. அதனால் கீழ்விளிம்பில் நிழல் ஊரும் கூரையில் பேனலை நெடுக்காக நிறுத்தினால் பாதியாவது தப்பும்.

கொல்லிமலை ஏறத்தாழ 11.25 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. தெற்கு நோக்கி 11 பாகைச் சாய்வு ஆண்டு முழுமைக்கும் பொருந்தும். ஆனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் வடபக்கம் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கே நிற்கும் மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பரில் நண்பகல் சூரியன் 55 பாகை உயரத்தில் தெற்கே இருக்கும். 2 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே ஏறக்குறைய 1.4 மீட்டர் விழும். காலை ஒன்பது மணியளவில் அதே நிழல் வடமேற்கே 3 மீட்டர் நீளும். பள்ளத்து ஊர்களில் கிழக்கு முகடு சூரியனை மேலும் தாமதமாக்கும்.

நிழல் விழும் பேனல்களை ஒரே ஸ்ட்ரிங்கில் சேர்த்து, நிழல் படாதவற்றை இன்னொன்றில் வைத்து, இரண்டையும் இன்வெர்ட்டரின் தனித்தனி உள்ளீடுகளில் கொடுப்பதுதான் முறை. ஓட்டுக்கூரையில் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும் இதே விதி. வேறு வேறு திசை பார்க்கும் பேனல்களை ஒரே தொடரில் கோக்கவே கூடாது. நிழல் துண்டு துண்டாக எங்கும் விழும் கூரைக்கு, பேனலுக்கு ஒன்றாக வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ உதவும். விலை கூடுதல், பழுதானால் கூரையேறித்தான் மாற்ற வேண்டும். இரண்டு உள்ளீடு கொண்ட சாதாரண இன்வெர்ட்டரே இங்கே பல வீடுகளுக்குப் போதும்.

மின்னல், நிலஇணைப்பு, கம்பிப் பாதை

ஸ்ட்ரிங்கின் நேர்க்கம்பி கூரையின் ஒரு விளிம்பிலும் எதிர்க்கம்பி மறு விளிம்பிலும் இறங்கினால், நடுவே பெரிய வளையம் உண்டாகிறது. அருகில் எங்கோ மின்னல் இறங்கினாலே அந்த வளையத்தில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இன்வெர்ட்டரைத் தாக்கும். மலை முகட்டில் இது அலட்சியப்படுத்தும் ஆபத்தல்ல. தீர்வுக்குச் செலவே இல்லை. ஆறு பேனல் வரிசையில் 1, 3, 5 என்று ஒன்று விட்டு ஒன்றாகப் போய், 6, 4, 2 என்று திரும்பி வந்தால் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு கம்பியையும் ஒட்டியே இறக்கலாம். பேனலோடு வரும் கம்பியின் நீளம் இதற்குப் போதுமா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். எலி, அணில், குரங்கு இழுக்காதபடி கம்பியைக் குழாய்க்குள் விடுவது நல்லது.

இடிதாங்கி, மின்னெழுச்சித் தடுப்பான், பேனல் சட்டங்களை இணைக்கும் நிலக்கம்பி ஆகியவை கட்டாயம். சார்னோகைட் பாறை மேலாகவே இருக்கும் இடங்களில் ஒரே எர்த் குழியில் மின்தடை எளிதில் குறையாது. பல தண்டுகளை இறக்கி ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருக்கும். மூன்றோ அதற்கு மேலோ ஸ்ட்ரிங்குகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் தேவை. ஒன்றில் பழுது ஏற்படும்போது மற்றவை சேர்ந்து அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும் என்பதே காரணம்.

அரசுத் திட்டங்களும் கூரையளவும்

தமிழ்நாட்டு ஊரகக் கூரைகளில் சூரிய மின்சாரம் பரவலாக நுழைந்தது 2011–12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில். 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள். அந்த அளவுக்கு ஸ்ட்ரிங் கணக்கு தேவைப்படவில்லை. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு ஆறு 545 வாட் பேனல்கள் வேண்டும். அவை பிடிக்கும் இடம் சுமார் 165 சதுர அடி. சிறிய கான்கிரீட் வீட்டில் தொட்டிக்கும் நடமாட்டத்துக்கும் விட்டது போக அந்த இடம் கிடைப்பதே சிரமம். இடநெருக்கடியில் தொட்டி நிழலுக்குள் ஒரு பேனலைத் திணிப்பதைவிட ஐந்தோடு நிறுத்துவது மேல்.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. காற்றுமழையில் மரம் சாய்ந்து மின்தடை வரும் மலையூர்களில் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். தடையிலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன் உள்ளீட்டு வரம்பு வேறாக இருக்கும் என்பதால் ஸ்ட்ரிங் கணக்கையும் அதற்கேற்பப் போட வேண்டும்.

இணைக்கும் முன் சோதனை

கோத்து முடித்ததும், இன்வெர்ட்டரில் செருகும் முன், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் திறந்த சுற்று மின்னழுத்தத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். ஆறு பேனலுக்கு வெயிலில் ஏறத்தாழ 270 முதல் 300 வோல்ட் வரும். ஒரு பேனலின் அளவு குறைந்தால் அது ஸ்ட்ரிங்கில் சேரவில்லை. இரண்டு பேனலின் அளவு குறைந்தால் ஒன்று தலைகீழாகச் சேர்ந்திருக்கலாம். இணைப்பான்களைக் கூரையிலேயே வெட்டிப் பொருத்தும்போது நேரும் தவறு இது. இரண்டு ஸ்ட்ரிங்குகளில் சம எண்ணிக்கை இருந்தும் அளவு வேறுபட்டால் பக்க இணைப்பில் சேர்க்கக் கூடாது. வெயில் இருக்கும்போது, சுமை ஓடிக்கொண்டிருக்கையில், இணைப்பானைக் கையால் பிடுங்கவும் கூடாது. நேர்மின்சாரத்தில் எழும் தீப்பொறி வீட்டு மின்சாரத்தின் பொறிபோலத் தானாக அணையாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, பிறகு நேர்மின் சுவிட்சை அணைத்து, கடைசியாகத்தான் இணைப்பானைத் தொட வேண்டும். எந்தப் பேனல் எந்த ஸ்ட்ரிங்கில் இருக்கிறது என்ற வரைபடத்தை இன்வெர்ட்டர் பெட்டியின் உட்பக்கம் ஒட்டி வைத்தால், பழுதுபார்க்க மலையேறி வருபவர் கூரை முழுவதும் தேடித் திரிய வேண்டியதில்லை.