விழவும் அங்காடியும்

கார்த்திகை மாதத்தில் ஐரோப்பாவின் வடபுலத்து நகரங்களில் கிறிஸ்துமஸ் சந்தைகள் கூடத் தொடங்கும். பணி நிமித்தமாக அங்கே சென்று திரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவர். நகரச் சதுக்கத்தில் வரிசை வரிசையாக மரக் கடைகள், ஆவி பறக்கும் பானங்கள், இஞ்சி ரொட்டி, கடைந்தெடுத்த மரப்பொம்மைகள், இவற்றினூடே குளிரைப் பொருட்படுத்தாத மக்கள் திரள். அவ்வாறு பேசிய ஒரு தம்பி, "நமக்கு இப்படி ஒன்று உண்டா, ஐயா?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

அந்நகரங்களுள் எல்பே ஆற்றங்கரையில் உள்ள டிரெஸ்டன் குறிப்பிடத்தக்கது. 1434ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டை ஆண்ட இரண்டாம் பிரெடரிக், கிறிஸ்துமஸுக்கு முன் ஒரே ஒரு நாள் இறைச்சிச் சந்தை கூட்டிக்கொள்ள அந்நகருக்கு இசைவளித்தார். திருநாளுக்கு முந்திய வாரங்கள் நோன்புக் காலம். நோன்பு முடிந்தபின் விருந்து சமைக்க இறைச்சி வேண்டுமே! அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகப் புகழ் பெற்ற சந்தை. பின்னர் 'ஸ்டிரீசல்' என்னும் ரொட்டியின் பெயராலேயே அது வழங்கலாயிற்று. நோன்பில் வெண்ணெய்க்கு விலக்கு இருந்தமையால் அந்த ரொட்டியை எண்ணெயில் செய்துவந்தார்கள். வெண்ணெய் சேர்க்க 1491இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னசென்ட் மடல் எழுதி அனுமதி தந்தார். ஒரு பலகாரத்திற்கு வெண்ணெய் சேர்க்கலாமா என்பது உரோமாபுரி வரை சென்ற வழக்கு! அங்கு விற்கும் மரப்பொம்மைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. தெற்கே மலைப்பகுதியில் சுரங்கத் தொழில் நலிந்தபோது, வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடிய தொழிலாளர் மரம் கடையத் தொடங்கினர். இன்று அழகுப்பொருளாகத் தோன்றுவது அன்று பசிக்குக் கிடைத்த மாற்று. 1945 பிப்ரவரியில் குண்டுமழையில் அந்நகரின் நடுப்பகுதி சாம்பலாயிற்று. சந்தையோ மீண்டும் கூடிற்று.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரிகிறது? அரசாணையும் மடலும் நகர ஏடுகளும் காக்கப்பட்டமையால் தெரிகிறது. நம் பக்கத்திலோ விழாச் சந்தைக்குப் பிறந்த ஆண்டு சொல்லும் ஆணை அரிது. ஆயினும் ஐரோப்பிய ஆணைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த சான்று நம்மிடம் உண்டு. அதை எழுதி வைத்தவர்கள் மன்னர்களல்லர், புலவர்கள். 'ஆவணம்' என்னும் சொல்லுக்குக் கடைத்தெரு என்றும் எழுத்துச் சான்று என்றும் இரு பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் அந்த இரண்டையும் ஒரு சொல்லில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மதுரையின் பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக்கடையை அல்லங்காடி என்றும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் காட்டுகிறார். விழாவுக்கு எடுத்த கொடிகள் அந்தக் கடைத்தெருவில்தான் ஆடுகின்றன. காவிரி கடலோடு கலக்கும் புகாரை இளங்கோவடிகள் இன்னும் நுணுக்கமாக வரைகிறார். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கும் நடுவே அடர்ந்த சோலை. அங்கே மரங்களே தூண்கள், நிழலே கூரை. அதுவே நாளங்காடி. அச்சந்தையைக் காக்க ஒரு பூதம். சித்திரைத் திங்கள் இந்திரவிழா தொடங்கும் நாளில் மறக்குடி மகளிர் அவித்த பயறும் எள்ளுருண்டையும் ஊன்சோறும் பூவும் புகையும் கொண்டு முதலில் சென்றது அந்தப் பூதத்தின் பீடிகைக்கே. விழாவின் முதற்படையல் சந்தையைக் காக்கும் தெய்வத்துக்கு! கோயில் வாசலில் ஒட்டிக்கொண்ட துணைப்பொருளாகச் சந்தையை நினைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெள்ளிடை மன்றம் பற்றிய செய்தி இதனினும் வியப்பானது. பெயரும் அளவும் எடையும் எழுதிய பொதிகள் அங்கே குவிந்து கிடந்தன. கதவில்லை, தாழில்லை, காவலாளும் இல்லை. எவனேனும் திருடினால் அப்பொதியையே தலையில் ஏற்றிக் கழுத்துக் கடுக்கச் சுற்றிவர வைக்கும் இடம் அது. பூதம் உண்மையா என்பது வரலாற்றாசிரியன் கேட்க வேண்டிய கேள்வியன்று. மொழி தெரியாத பல நாட்டார் கூடும் இடத்தில் ஒருவரை ஒருவர் எதைக் கொண்டு நம்புவது என்பதே கேள்வி. அந்த நம்பிக்கைக்கு விழாவும் விழாத் தெய்வமும் பிணை நின்றன. இருபத்தெட்டு நாள் விழாவைத் தன் மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி மறந்தான், புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. கடல்கோளுக்குப் புவியியலார் வேறு காரணம் சொல்லலாம். விழா நின்றால் நகர் நில்லாது என்று கருதிய சமுதாயம் ஒன்று இருந்தது என்பதற்கு அக்காப்பியமே சான்று.

காவிரியில் மேல்நோக்கி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஊர்ப்பெயர்களே பாதி வரலாறு சொல்லும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பக்கம் புதன்சந்தை. கிழமைச் சந்தை ஊரையே பெற்றெடுத்திருக்கிறது.

ஆண்டுக்கொருமுறை கூடும் விழாச் சந்தைக்கு நம் ஊரிலிருந்து வடமேற்கே அந்தியூருக்குப் போக வேண்டும். ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைகளும் மாடுகளும் வந்து குவியும். கத்தியவார், மார்வார் குதிரைகள் ஒருபுறம், காங்கேயம் காளைகள் ஒருபுறம், வடக்கே மலையிலிருந்து இறங்கிய செந்நிறப் பர்கூர் மாடுகள் ஒருபுறம். தம் படைக்கு இங்கே குதிரை வாங்கத் திப்பு சுல்தான் ஆள் விடுத்தார் என்பது செவிவழிச் செய்தி. அதற்குக் கல்வெட்டுக் கேட்டு யாரும் மல்லுக்கு நிற்க வேண்டாம். 1799 வரை அப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தமையால் பொருந்தாத செய்தியும் அன்று.

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறையைப் பார்த்திராதவர் பார்க்க வேண்டும். தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்வார். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் தொகை, விரலை மடக்கினால் மறுப்பு. சுற்றி நூறு பேர் நின்றாலும் இருவர் கை மட்டுமே அறிந்த விலை. எழுத்தில்லை, சாட்சியில்லை. பேச்சு முடிந்து முன்பணம் கைமாறினால் மாடு கைமாறியதாகவே பொருள். வெள்ளிடை மன்றத்துப் பொதிகளை நான் நம்பத் தொடங்கியது துண்டுக்குள் நடந்த ஒரு பேரத்தைப் பார்த்த பிறகுதான்.

இனி நம் ஊர். ஜேடர் என்பது கன்னடத்தில் நெசவாளரைக் குறிக்கும். பெயரில் தறி இருந்தாலும் வயலில் இருப்பது கரும்பு. பதினேழாம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயகர் வெட்டியதாகப் போற்றப்படும் ராஜவாய்க்கால் இங்கே காவிரியிலிருந்து பிரிந்து பரமத்தி வேலூர் வட்டாரத்தை நனைக்கிறது. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. ஆடிப்பெருக்கன்று படுகையணைப் பக்கம் கூடும் கூட்டத்தையும் பொரித்த மீன் மணத்தையும் அனைவரும் அறிவர். நம் விழாச் சந்தை அதுவென்று சிலர் சொல்வர். நான் அப்படிக் கருதவில்லை. நம் விழாச் சந்தை பிலிக்கல்பாளையத்து வெல்ல ஏலம்.

ஆலைக்கொட்டகையில் கொப்பரையில் காய்ந்து, உருண்டையாகவோ அச்சாகவோ உருவெடுத்த வெல்லம் முப்பது கிலோ சிப்பங்களாக அங்கே வந்து சேரும். அதன் விலையை ஏற்றி இறக்குவது பஞ்சாங்கம். ஆயுதபூசை, தீபாவளி, கார்த்திகை என்று படிப்படியாக ஏறித் தைப்பொங்கலுக்கு முந்திய வாரங்களில் உச்சம் தொடும். மலையாள நாட்டு ஓணமும் சபரிமலைப் பருவமும்கூட இந்த ஏலக்களத்தில் கேட்கும். எங்கோ ஒரு வீட்டு வாசலில் பானை பொங்குவதற்குச் சில நாள் முன்பு அதன் இனிப்புக்கு இங்கே விலை வைத்து முடிந்துவிடுகிறது.

இச்சந்தையிலும் நம்பிக்கையே முதல். அது தளர்ந்தும் வருகிறது. நிறம் வெளுக்க ஹைட்ரோசும், எடைக்கும் இனிப்புக்கும் வெள்ளைச் சர்க்கரையும் சேர்க்கும் ஆலைகள் சில ஏற்பட்டன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிடுவதும் சிப்பங்களைப் பறிமுதல் செய்வதும் செய்தித்தாள்களில் வருகின்றன. கலப்பின்றிக் காய்ச்சினால் வெல்லம் கருக்கும். கருத்த வெல்லத்துக்கு விலை குறையும். குற்றம் காய்ச்சுபவரிடம் மட்டும் இல்லை, பொன்னிறமே வேண்டுமென்று கேட்கும் நம்மிடமும் இருக்கிறது. வெண்ணெய்க்கு அனுமதி கேட்டுப் போப்பாண்டவர் வரை சென்ற வழக்கு நினைவுக்கு வருகிறது. பலகாரத்தில் எது சேரலாம், எது சேரக்கூடாது என்பது அங்கும் ஒரு காலத்தில் ஊர் முழுவதும் கவலைப்பட்ட செய்தி.

நம் வட்டத்தின் பத்தாண்டுகளில் காவிரியைப் பாடிய கவிதைகளை எண்ணினால் ஒரு தொகுதியே வரும். கரும்பைப் பாடியவையும் உண்டு. வெல்ல ஏலத்தைப் பாடியதாக எனக்கு நினைவில்லை. நானும் பாடவில்லை. புகாரின் பொதிகளில் எழுதியிருந்தவற்றைக்கூட விடாமல் பதிந்த புலவர் மரபில் வந்தோம் என்று மேடைதோறும் சொல்கிறோம். தம்பிக்கு இன்னும் விடை எழுதவில்லை. பொங்கலுக்கு முந்திய ஏலத்தன்று அவர் ஊருக்கு வந்திருந்தால் அழைத்துப் போய்க் காட்டுவதாக இருக்கிறேன். விளக்கலங்காரம் ஏதும் இராது. குவிந்த சிப்பங்களும், அவற்றின்மேல் மையால் எழுதிய குறியெழுத்துகளும், ஏற்றுவதற்கு நிற்கும் லாரிகளும் இருக்கும்.