ராப்பர் எழுதுற வேலையை மெஷினிடம் கொடுத்த கதை

பைத்தான் ஸ்லோன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்புறம் எப்படி அதை வைத்தே இவ்வளவு பெரிய கணக்கெல்லாம் போடுறாங்க? காலேஜ் படிக்கும்போது எனக்கு இருந்த சந்தேகம் இது. பதில் ரொம்ப சிம்பிள். பெரும்பாலும் பைத்தான் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. நம்பையிடம் ஒரு மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகளைக் கேட்டால், கேள்வி நேராக லேபேக் லைப்ரரிக்குப் போகிறது. 1992-இல் வெளியானது, ஃபார்ட்ரானில் எழுதியது, என்னைவிட வயதில் மூத்தது. நடுவில் நின்று இந்த இரண்டு பேரையும் பேச வைக்கிற துண்டு நிரலுக்குத்தான் ராப்பர் என்று பெயர். இன்றைக்கு அதனுடைய கதை.

முதலில் சிக்கல் என்னன்னு பார்த்துடலாம். சி மொழியில் 5 என்பது நினைவகத்தில் சில பைட்டுகள், அவ்வளவுதான். பைத்தானில் அதே 5 ஒரு ஆப்ஜெக்ட். அது என்ன வகை, எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கும் கூடவே வரும். ராப்பர் அந்த ஆப்ஜெக்டைப் பிரித்து, வகை சரியா என்று பார்த்து, உள்ளே இருக்கும் எண்ணை சி ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டும். வருகிற விடையை மறுபடி ஆப்ஜெக்டாகக் கட்டித் தர வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்கு என்றால் கையாலேயே எழுதிடலாம். முந்நூறு ஃபங்ஷன் இருந்தால்?

இந்தக் கேள்வி சூடாக எழுந்த இடம் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம். அங்கே சிஎம்-5 என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருந்தது. 1993 ஜூனில் முதல்முதலாக வந்த டாப்500 பட்டியலில் அதுதான் நம்பர் 1. அதில் ஸ்பேஸம் என்ற சி நிரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கான அணுக்கள் எப்படி நகர்கின்றன, ஒரு பொருளில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற நிரல். விஞ்ஞானிகள் அதைத் தினம் தினம் மாற்றுவார்கள். இன்று ஒரு ஃபங்ஷனுக்கு மூன்று ஆர்கியுமென்ட், நாளைக்கு நான்கு. ஒவ்வொரு முறையும் ராப்பரையும் திருத்தணும். யாருக்குப் பொறுமை இருக்கும், சொல்லுங்க?

ஸ்கிரிப்ட் மொழியை சி-க்குள் பொருத்துகிற யோசனை அப்போதே இருந்தது. 1988-இல் பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் டிசிஎல்லை அதற்காகவே, ஒரு சி லைப்ரரியாக எழுதினார். ஆனால் இணைப்பு வேலை மட்டும் மனிதர் தலையில்தான் இருந்தது.

1995 ஜூலையில் லாஸ் அலமோஸில் டேவிட் பீஸ்லி கவனித்தது ஒரு எளிய விஷயம். ராப்பர் எழுதத் தேவையான விவரம் எல்லாம் ஃபங்ஷன் டிக்ளரேஷனிலேயே இருக்கிறது. பெயர், ஆர்கியுமென்ட் வகைகள், திரும்பி வரும் வகை. அப்படியென்றால் அதை ஒரு நிரலே படித்து ராப்பரை எழுதிவிடலாமே. அதுதான் ஸ்விக். 1996-இல் அது வெளியுலகுக்கு வந்தபோது ஒரே இன்டர்ஃபேஸ் ஃபைலிலிருந்து டிசிஎல், பேர்ல், பைத்தான் மூன்றுக்கும் ராப்பர் வந்தது. இதனால் வேகம் கிடைத்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. வேகம் சி நிரலில் ஏற்கெனவே இருந்தது. பல வருஷம் சோதித்த நிரலை யாரும் திரும்ப எழுத வேண்டாம் என்பதுதான் கிடைத்தது.

எனக்குப் பிடித்த பகுதி பாயின்டர்கள். சி-யில் இருக்கும் ஒரு பெரிய ஸ்ட்ரக்சரைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது கஷ்டம். பழைய ஸ்விக் அதைக் கொண்டுவரவே இல்லை. நினைவக முகவரியையும் வகையின் பெயரையும் ஒட்டி ஒரு ஸ்ட்ரிங்காகக் கையில் கொடுத்துவிடும். கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவாங்களே, அதே கதை. டோக்கன் நம்மிடம், செருப்பு அங்கே. தப்பான டோக்கனை நீட்டினால், வகை பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிடும்.

சரி, டோக்கனைத் தூக்கிப் போட்டுவிட்டால் செருப்பை என்ன செய்வது? இங்கேதான் நான் அடி வாங்கினேன். முதல் வேலையில், ஒரு சி லைப்ரரி திருப்பித் தந்த பாயின்டருக்கு, இது புது ஆப்ஜெக்ட், பைத்தானே சொந்தக்காரர் என்று இன்டர்ஃபேஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். உண்மையில் லைப்ரரியும் அதை வைத்துக்கொண்டிருந்தது. பைத்தான் வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டது. லைப்ரரி மறுபடி அதைத் தொட்டது. செக்மென்டேஷன் ஃபால்ட். எந்த வரியில் தப்பு என்று சொல்ல டிரேஸ்பேக் கூட இல்லை, ப்ராசஸே காணோம். மூன்று நாள் என் பைத்தான் கோடையே சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்த ஒரு வரியை எடுத்தேன், சரியாகிவிட்டது.

ஃபார்ட்ரான் பக்கம் வேற தலைவலி. சி மேட்ரிக்ஸை வரிசை வரிசையாக அடுக்கும், ஃபார்ட்ரான் நெடுக்கு நெடுக்காக அடுக்கும். 1999-இல் பியரு பீட்டர்சன் தொடங்கிய எஃப்2பை, அடுக்கு பொருந்தாதபோது சத்தமில்லாமல் ஒரு நகல் எடுத்து ஃபார்ட்ரானிடம் கொடுக்கும். விடை சரியாக வரும், ஆனால் பெரிய மேட்ரிக்ஸ் என்றால் மெமரி ஏன் இப்படித் தின்கிறது என்று முழிப்போம். சைபை லேபேக்கை அழைக்க எஃப்2பை எழுதிய ராப்பர்களையும் பயன்படுத்துகிறது.

2006-இல் பைத்தான் 2.5-உடன் சிடைப்ஸ் வந்தது. ராப்பரைக் கம்பைல் பண்ணவே வேண்டாம், லைப்ரரியை நேராகத் திறந்து கூப்பிடலாம். ஆனால் டிக்ளரேஷனைப் படிக்க அங்கே யாரும் இல்லை. திரும்பி வருவது என்ன வகை என்று நாம் சொல்லாவிட்டால் இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் மெஷினில் பாயின்டர் வந்தால் பாதி முகவரி வெட்டுப்பட்டுவிடும். பாதி நம்பர் அழிந்த டோக்கன்.

நம்பைக்கு முன்னால் இருந்த நியூமெரிக் பற்றி அடுத்த எபிசோடில் பேசலாம்.