ஜெரெஜாக் தீவும் வீட்டுக் கணினியின் காவலும்



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த சில வாரங்களில் பெற்றோர் ஒருவராவது என்னிடம் வந்து, "ஐயா, வீட்டுக் கணினிக்கு எந்த ஆண்டிவைரஸ் போடலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆயினும் இக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் பினாங்குத் துறைமுகத்தின் பழங்கதைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் அதில் 'குவாரண்டைன்' என்றொரு பகுதியைக் காணலாம். ஐயத்திற்குரிய கோப்பை உடனே அழித்துவிடாமலும் இயங்க விடாமலும் தனியே அடைத்து வைக்கும் அறை அது. அச்சொல் துறைமுகத்தில் பிறந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல்களை நாற்பது நாள் கரைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்த வெனிஸ் நகரத்தார், 'நாற்பது' என்னும் தம் மொழிச் சொல்லாலேயே அதனைக் குறித்தனர். நம்மூரில் அந்த அறையாக இருந்தது ஜெரெஜாக் தீவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குத் தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வருவோரைத் தங்க வைத்துச் சோதிக்கும் நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோருள் பலர் மலாயாவில் முதலில் கால் வைத்தது அத்தீவின் மண்ணில்தான். குழந்தையாக வந்த என் பாட்டியும் அவர்களுள் ஒருவர். அம்மை கண்டவரை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார். நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நன்றாக இருப்பவரை எப்படிப் பிரிப்பது? அதற்காகத்தான் எல்லாரையும் நாள்கணக்கில் காக்க வைத்தார்கள்.

கணினிக் காவலுக்கும் இதே சிக்கல்தான். தெரிந்த நோயைக் கண்டுபிடிப்பது எளிது. புதிய நோய்க்கு அடையாளம் இராது.

1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் என்னும் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நிரலே ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலாகக் கொள்ளப்படுகிறது. அதனுள்ளே தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் எழுதி வைத்திருந்தனர் என்பது இன்று நம்பக் கடினமான செய்தி! நெகிழ்வட்டு மூலமாகவே பரவியது. அக்காலத்தில் நச்சுநிரல்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மெல்லத்தான் பயணம் செய்தன. ஆகவே அடையாளப் பட்டியல் புதுப்பித்த நெகிழ்வட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பெற்றாலே போதுமாயிருந்தது.

அச்சத்தை விற்பதும் அப்போதே தொடங்கிவிட்டது. 1992 மார்ச் 6 அன்று 'மைக்கலாஞ்சலோ' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் ஐம்பது இலட்சம் கணினிகள் வரை அழிக்கக்கூடும் என்று பரபரப்பு எழுந்தது. எதிர்ப்பு மென்பொருள்கள் சூடாக விற்றுத் தீர்ந்தன. பாதிப்போ பத்தாயிரம், இருபதாயிரம் என்ற அளவில் நின்றது. அதற்கு நேர்மாறானது 1999 ஏப்ரல் 26-இல் நிகழ்ந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய 'சி.ஐ.எச்.' அன்று விழித்து, ஆசிய நாடுகள் பலவற்றில் வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு தாய்ப்பலகையிலிருந்த பயாஸ் நிரலையும் சிதைத்தது. அதை ஏன் எழுதினீர் என்று கேட்டபோது, எதிர்ப்பு மென்பொருள் நிறுவனங்களின் மிகையான விளம்பரங்களுக்கு அறைகூவலாக எழுதியதாக அவர் கூறினார். செயல் தவறு, விளம்பரம் பற்றிய அவருடைய எரிச்சலை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

மறு ஆண்டு மே மாதம் பிலிப்பீன்சிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் வந்த மின்னஞ்சல் ஒரே நாளில் உலகைச் சுற்றிவிட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து பட்டியலைப் புதுப்பிக்கும் முறை அன்றோடு பயனற்றுப் போயிற்று எனலாம்.

இனி என் சொந்தக் கதை. 1972-இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது நம் பாயான் லெப்பாசில்தான். அவ்வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் என் அத்தை பல ஆண்டுகள் சில்லு பொருத்தினார். அவர் வீட்டில் கணினி இருந்ததில்லை. எனக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்து முடித்து வேலைக்கு வந்த பின்னரே சொந்தக் கணினி வாய்த்தது. அதற்குக் காவலாக, கடையொன்றில் ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைத்த திருட்டு வட்டிலிருந்து புகழ்பெற்ற மென்பொருள் ஒன்றை நிறுவினேன். திரையின் மூலையில் அதன் சின்னம் எப்போதும் பச்சையாக ஒளிரும். அதைப் பார்க்கும்போது ஒரு பெருமிதம்!

2005-இல் இந்தோனேசியாவில் தோன்றிய 'புரோன்டோக்' நம் நாட்டுப் பள்ளிக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. விரலியைச் செருகினால் கோப்புறை போலவே தோற்றமளிக்கும் ஒன்று அதில் இருக்கும். சொடுக்கினால் அது கோப்புறையன்று, நிரல். அமைப்புகளைத் திருத்தும் வழிகளை அது மறைத்துவிடும். பதிவேட்டைத் திறக்க முயன்றால் கணினியை அணைத்து மீண்டும் இயக்கிவிடும். அரையாண்டுத் தேர்வுத்தாள்களை என் விரலியில்தான் பள்ளிக்குக் கொண்டுசென்றேன். ஆசிரியர் அறைக் கணினி, அதிலிருந்து மூன்று ஆசிரியைகளின் விரலிகள், அவற்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கணினிகள் என்று அது பரவியது. அப்போதுதான் என் பச்சைச் சின்னத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாகப் புதுப்பித்த நாள், ஓராண்டுக்கும் முந்தையது. திருட்டுப் பிரதி என்பதால் அதற்குப் புதிய பட்டியல் வரவேயில்லை.

புரோன்டோக் யாருடைய படத்தையும் அழிக்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியைகளுள் ஒருவர் பழுதுபார்க்கக் கணினியைக் கடையில் கொடுக்க, அங்கிருந்தவர் கேட்காமலேயே வன்தட்டை முழுதும் துடைத்துவிட்டார். முந்தைய ஆண்டு மறைந்த தம் தந்தையாரின் படங்களை அவர் அதில் மட்டுமே வைத்திருந்தார். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றும் அவரைக் காணும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் பெற்றோர் பெயர் கேட்டால் நான் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1991-இல் ஜே. கேசவர்தனன் தொடங்கிய 'கே7' மென்பொருளை ஜப்பானியர் தம் நாட்டுப் பெயரில் கடைகளில் வாங்கினர். 2006-இல் ஆண்டுச் சந்தா இன்றி விற்கப்பட்டது அதன் சிறப்பு. தமிழ்நாட்டு ஊரொன்றின் உழைப்பு என்பதில் எனக்கு மகிழ்ச்சியே; ஆயினும் பெருமைக்காக எதையும் வாங்கச் சொல்லமாட்டேன். எந்நிறுவனத்தினுடையது ஆயினும், பட்டியல் வருகிறதா, எதுவரை வரும் என்பதே கேள்வி. 2024-இல் அமெரிக்க அரசு, தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் விற்பனைக்குத் தடை விதித்தது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. எது எவ்வாறாயினும், அவ்வாண்டு செப்டம்பர் இறுதியோடு அந்நாட்டுப் பயனர்களுக்குப் புதுப்பித்தல் நின்றது. நல்ல மென்பொருளும் அவ்வாறு ஒரே நாளில் பழையதாகிவிடும்.

2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்ததிலிருந்து 'டிஃபெண்டர்' என்னும் காவல் விண்டோசுடனேயே இலவசமாக வருகிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆகிய சோதனைக்கூடங்கள் தம் முடிவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. விளம்பரத்தை விட்டு அவற்றைப் பார்க்கலாம். பிள்ளைகள் பாடம் செய்யும் வீட்டுக் கணினிக்கு அந்த இலவசக் காவலே போதும் என்பது என் கருத்து. ஆனால் விண்டோசும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2017 மே 12-இல் உலகை உலுக்கிய 'வான்னாகிரை' நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டனர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கணினி வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். படங்களுக்குத் தனியே ஒரு பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பதையும் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். காரணம் மேலே சொல்லியாயிற்று.

சென்ற வாரம் ஒரு தாயார் தம் மடிக்கணினியைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். கடையில் வாங்கியபோதே அதில் இருந்த சோதனைப் பதிப்பு ஒன்று, "காலம் முடிந்தது" என்று இரண்டு ஆண்டுகளாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததாம். அதை நீக்கினோம், விண்டோசின் சொந்தக் காவலை இயக்கினோம், புதுப்பித்த நாள் அன்றைய தேதியாக மாறியதை அவருக்குக் காட்டினேன். "எவ்வளவு, ஐயா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் கணினியை மீண்டும் திறந்து, அந்தத் தேதியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.