காற்றாடிகளுக்குக் கீழே மன்னார்

2025 ஆகஸ்டில் மன்னார்ச் சனம் வீதிக்கு இறங்கினபோது கொழும்பிலயிருந்தும் எங்கட ஆக்களிட்டயிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது. "காத்தில கரன்ட் எடுக்கிறதில என்ன பிழை? 2022இல 13 மணித்தியாலம் இருட்டுக்க இருந்தத மறந்திட்டீங்களோ?" நியாயமான கேள்விதான். நிலக்கரியும் டீசலும் எரிச்சு நாட்டை நடத்த ஏலாது என்பதில எங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கதையை 2025இலயிருந்து தொடங்குகிறார்கள். மன்னார்க்காரர் அதுக்கு முதல் ஐந்து வருஷம் காற்றாடிகளோட வாழ்ந்து பார்த்தவர்கள்.

முதலில் தீவைக் கொஞ்சம் பார்ப்போம். நீளம் ஏறத்தாழ 26 கிலோமீற்றர், பரப்பு 130 சதுர கிலோமீற்றர் அளவு. மலை இல்லை, ஆறு இல்லை. நிலம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. குடிக்கிற தண்ணி மழையால வருகிறது: மணலுக்குள் இறங்கின நன்னீர் கீழே உள்ள உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிய படையாக மிதக்கும், கிணறு வெட்டினால் அதுதான் ஊறும். மாரியில் விழுகிற மிச்சத் தண்ணி பள்ளம் பார்த்து ஓடிக் கடலுக்குப் போகவேணும். இந்த ஓட்டத்துக்கு வரைபடம் யாரும் கீறி வைக்கேல்ல, ஆனால் எந்த வளவுக்குள்ளால தண்ணி போகும் என்று ஊருக்குத் தெரியும்.

காற்றும் அப்படித்தான். வைகாசியில் சோளகம் பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், தொழில் வடகடலுக்கு மாறும். வாடை தொடங்கினால் வலையும் வாடியும் தென்கரைக்கு வரும். காற்றாலைக்காரர் தேடி வந்ததும் இதே சோளகத்தைத்தான். அவர்களுக்கு அது மெகாவாட், கடலுக்குப் போறவனுக்கு அது நாட்காட்டி.

மன்னாரின் வளத்தை வெளியில் இருந்து வந்து கணக்குப் பார்ப்பது புதிசும் இல்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தக் கடலின் முத்துக்காகத்தான் இங்க கண் வைத்தார்கள். 1906இல் முத்துக் குளிப்பு உரிமையை ஆங்கில அரசு ஒரு கம்பனிக்கே குத்தகைக்குக் கொடுத்தது. அதுக்கு அடுத்த வருஷக் குளிப்போட பார்கள் வெறுமையாகி, சில வருஷத்தில கம்பனியும் மூடுப்பட்டது. அரிப்பில் ஆங்கிலத் தேசாதிபதி தங்கின மாளிகை இடிந்தபடி இன்னும் நிற்கிறது, கடல் அதையும் அரிச்சுக்கொண்டிருக்கிறது.

சரி, காற்றாலைக்கு வருவம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனில் மின்சார சபை கட்டிய 'தம்பபவனி' 2020 டிசம்பர் 8ஆம் திகதி திறக்கப்பட்டது. தமிழ் பேசுகிற தீவொன்றுக்கு விஜயன் வந்திறங்கின தம்பபண்ணியை நினைவூட்டும் பெயர், அதையும் ஒரு பக்கம் வைப்போம். தென்கரையோரம் 30 காற்றாடிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். இது பறவைகளின் மத்திய ஆசிய வலசைப் பாதை. கிட்டவே வங்காலை சரணாலயம் இருக்கிறது. அதனால் பறவைக் கூட்டம் வந்தால் காற்றாடியை நிறுத்துவதற்கு ராடர் பொருத்தினார்கள். நல்ல விஷயம். அடுத்த வளவில் இருக்கிற மனுசருக்கு என்ன ஏற்பாடு என்று அந்த நேரம் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? யுத்தம் முடிஞ்சு பத்து வருஷம். 1990இல் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வந்து காணியும் கடலும் தேடிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவில் இருந்தார்கள். 2018இல் சதொச வளவுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் வந்துகொண்டிருந்தன. இத்தனைக்கு நடுவில் 'அபிவிருத்தி' என்று வந்ததை மறிக்கிற தெம்பு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? சுற்றாடல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல சட்டம் தருகிறது 30 நாள். கரைவலை இழுக்கிறவர் பிரதேச செயலகத்துக்குப் போய் அந்தத் தடித்த அறிக்கையை வாசித்து எழுத்தில் ஆட்சேபனை கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது பகிடி.

பிறகுதான் அனுபவம் வந்தது. காற்றாடிகளுக்குப் போக கிரவல் கொட்டி உயர்த்திய பாதைகள் மாரித் தண்ணியை மறிக்கின்றன, முன்னர் வடிந்த வெள்ளம் இப்ப வீட்டுக்குள்ள நிற்குது என்று ஊரவர்கள் சொல்கிறார்கள். கரையோரம் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். மீன்பாட்டுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பாக்கு நீரிணையில் இழுவைப்படகு செய்த அழிவை எல்லாரும் அறிவோம். ஆனால் வெள்ளத்தைப் பற்றிச் சொல்வதைத் தட்டிக்கழிக்க ஏலாது. தட்டையான நிலத்தில் ஓர் அடி மேடு போட்டாலே தண்ணி நிற்கும், அதை அறிய எந்திரி தேவையில்லை.

இதற்கிடையில் கொழும்பில் வேறொரு சண்டை. 2022இல் கேள்விமனு இல்லாமலே மன்னாரும் பூநகரியும் அதானி நிறுவனத்துக்குப் போயின. மோடி அழுத்தம் கொடுத்ததாக ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னார் என்று மின்சார சபைத் தலைவர் கோப் குழுவில் சொல்லி, அந்தக் கூற்றை மீளப்பெற்று, பதவியும் விலகினார். 2024 மே மாதம் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 20 வருஷத்துக்கு அமைச்சரவை விலை ஒப்புக்கொண்டது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. ஆட்சி மாறி விலை இரத்தாகி, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. இன்னொரு 50 மெகாவாட் திட்டத்துக்குக் கேள்விமனுவில் கிடைத்த விலையோ 4.65 சதம். அந்த விவாதத்தில் விலையும் பறவையும்தான் முன்னுக்கு நின்றன. மன்னாரின் வாய்க்கால்கள் பின்னுக்குத்தான்.

அதனால் அதானி போனதோட எல்லாம் முடிஞ்சுது என்று தெற்கு நினைத்தது. தீவுக்குள் அடுத்த 14 காற்றாடிகளுக்கான பாகங்கள் வரத் தொடங்கின: இரண்டு உள்நாட்டுத் தனியார் திட்டங்கள், சேர்த்து 70 மெகாவாட். தீவுக்கு வீதியால் வர ஒரே தாம்போதிதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவோடு இரவாக வந்த வாகனங்களைச் சனம் மறித்தது. 13ஆம் திகதி ஜனாதிபதியோட நடந்த சந்திப்புக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு வேலை நிறுத்தப்பட்டது. மாதம் முடியத் தொடரச் சொல்லி உத்தரவு. செப்டெம்பர் 26 இரவு பாகங்களைப் பொலிஸ் பாதுகாப்போட கொண்டுவந்தபோது நடந்த அடிதடியில் பெண்களும் மதகுருமாரும் காயப்பட்டார்கள். 29ஆம் திகதி மாவட்டம் ஹர்த்தாலில் மூடிக் கிடந்தது.

எங்களைக் கூட யோசிக்க வைத்தது அந்தப் பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்பது. 2019இல் திருக்கேதீச்சர வளைவால் கத்தோலிக்கரும் சைவரும் மோதின மாவட்டம் இது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையில காணிப் பிணக்கும் கடல் பிணக்கும் இன்னும் தீரேல்ல. அதே இடத்தில் பாதிரிமாரும் மௌலவிமாரும் சைவப் பெரியவர்களும் ஒன்றாக இருந்தார்கள். தண்ணி எந்த வளவுக்குள்ளும் சமயம் பார்த்து நிற்கிறதில்லை என்பதாலதான் இந்த ஒற்றுமை என்று நாங்கள் நினைக்கிறோம். இல்மனைட் மணலுக்காக அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று தீவைத் துளையிட்டுப் பார்த்ததும் இதுக்குள்ள சேர்ந்த பயம். நிலத்துக்கு மேலயும் கேட்கிறார்கள், கீழயும் கேட்கிறார்கள்.

'அபிவிருத்திக்கு எதிரானவர்கள்' என்று இவர்களுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். தம்பபவனியின் காற்றாடிகள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் செய்தவை. அதே டென்மார்க் 2008 கடைசியில் போட்ட சட்டப்படி, தரையில் காற்றாடி நடுகிறவர் அந்தத் திட்டத்தின் பங்கில் ஆகக் குறைந்தது 20 வீதத்தை 4.5 கிலோமீற்றருக்குள் இருக்கிற சனத்துக்கு விற்க முன்வர வேணும். கொப்பன்ஹேகன் கரையில் நிற்கும் 20 காற்றாடிகளில் பாதி சாதாரண ஆக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். அங்கும் சத்தம், நிழல், காணி விலை என்று ஆயிரம் முறைப்பாடு, 2020இல் அந்தப் பங்கு விதியையே மாற்றினார்கள். ஆனால் மெசின் அங்கிருந்து மன்னாருக்கு வந்தபோது சட்டம் மட்டும் கப்பலில் ஏறவில்லை.

மன்னார்ச் சனம் பங்கு கூடக் கேட்கவில்லை. காற்றாலையைத் தீவுக்கு வெளியே, சனம் இல்லாத இடத்தில் கட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதுக்கு வந்த பதில்கள் எல்லாம் செலவைப் பற்றியும் கையெழுத்தான ஒப்பந்தங்களைப் பற்றியும். மின்கம்பி ஒருக்கா தீவுக்குள் வந்துவிட்டால் அடுத்த காற்றாடியையும் அங்கேயே நடுவதுதான் மலிவு. அந்த மலிவுக் கணக்கில் வெள்ளம் நிற்கிற முற்றங்களுக்கு எந்த நிரலும் இல்லை.