ஏதுவும் முடிபும்

வாதத்தில் நிறுவ வேண்டிய கூற்றுப் பக்கம். அதற்குரிய காரணம் ஏது. இருசாராரும் ஒப்பும் எடுத்துக்காட்டுத் திட்டாந்தம். அம்மலையில் நெருப்புண்டு; புகை தோன்றுதலால்; அடுக்களையிற்போல. மணிமேகலையின் 29ஆம் காதை இவற்றை விளக்கி, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் பிழைகளையும் வகுக்கின்றது. பனியோ புகையோ எனத் தெளியாமலே நெருப்பை நிறுவ முயல்வதும் அவற்றுள் ஒன்று.

இத்தருக்கம் ஏட்டோடு நிற்பதன்று. 2018இல் மன்னார் நகரில் கட்டடத்திற்காக நிலம் அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடத்துக்குச் சென்றவை ஆறு மாதிரிகளே. 2019இல் வந்த காபன் ஆய்வு முடிவு அவற்றை 1404–1635 காலத்தன என்றது.

இதனாற் குழி முழுவதும் பழையதென முடிக்கலாமா? ஆறிற் கண்ட ஏது ஏனைய அனைத்திலும் உண்டென்பது காட்டப்படவில்லை. 1544இல் சங்கிலி மன்னன் மன்னார்க் கிறித்தவரைக் கொல்வித்தமை அக்காலவெல்லையுள் அமைவதால், இவ்வெலும்புகள் அவர்களுடையன என்பதும் முடிபாகாது. காலம் ஒத்தல் மட்டும் ஏதுவன்று. ஆய்வை ஒதுக்கி, யாவும் அண்மைப் போர்க்காலத்தன என்பதும் அத்தகையதே.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் நம்மிடம் கேட்பது ஆறுதலுரையன்று, மெய்யான ஏது. போலியைப் போலியென்று, அது நமக்கு உகந்ததாயினும், நாம் சொல்லக் கற்கும் நாளிலேயே அவர்களின் வழக்கு வலிமை பெறும்.